பயிற்சிக்குப் பணம் உண்டு, பஸ்ஸுக்கு இல்லை: ஜோர்டான் ஒப்பந்தம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அகதிகளுக்கும் அவர்களுக்கு இடம் கொடுத்த ஊர்க்காரர்களுக்கும் சேர்த்தே தொழிற்பயிற்சி, வேலை என்று உலகம் பெரிய அளவில் பணம் போட்டுப் பார்த்த இடம் ஜோர்டான். ஆரம்பித்தது 2016ல். அதன் பிறகு எத்தியோப்பியா, கென்யா என்று எங்கே இப்படி ஒரு திட்டம் பேச்சுக்கு வந்தாலும் யாராவது ஒருவர் ஜோர்டானை இழுக்காமல் விடுவதில்லை. அதனால் அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துவிடலாம். என் கட்சியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: பணம் போதவில்லை என்பது பாதிப் பிரச்சினை. எதை எண்ணிப் பார்த்துப் பணம் கொடுத்தார்கள் என்பது மீதிப் பாதி, அதுதான் பெரிய பாதி.

அதற்கு முன்னால் நிலைமை

சிரியாவில் 2011ல் கலவரம் வெடித்தது. எல்லையை ஒட்டிய தரா பகுதி மக்கள் தெற்கே நடந்தே ஜோர்டானுக்குள் வந்தார்கள். அவர்களில் பலருக்கு அது புது ஊரும் இல்லை, போருக்கு முன்பே தக்காளி பறிக்கவும் கட்டட வேலைக்கும் பருவத்துக்குப் பருவம் வந்து போனவர்கள்தான். 2012 ஜூலையில் ஸாத்தாரி முகாம் திறந்தது. பாலைவனத்தில் போட்ட கூடாரங்கள் கொஞ்ச காலத்தில் எண்பதாயிரம் பேர் வாழும் ஊராகிவிட்டன. டிவியில் காட்டுவதெல்லாம் முகாம்தான், ஆனால் ஐந்தில் நான்கு பேர் முகாமுக்கு வெளியே தலைநகர் அம்மானிலும் வடக்கே இர்பித், மஃப்ரக் ஊர்களிலும் வாடகை வீட்டில் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஐ.நா. அகதிகள் அமைப்பில் பதிவானவர்கள் ஆறரை லட்சம். நாட்டில் இருக்கும் மொத்த சிரியர்கள் பதின்மூன்று லட்சம் அளவுக்கு என்று அரசு சொன்னது. எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒரு கோடிக்குக் கீழே மக்கள்தொகை உள்ள நாட்டுக்கு அது சின்னச் சுமை இல்லை.

ஜோர்டான் 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடாத நாடு. அங்கே அகதிக்கு வேலை செய்யும் உரிமை என்று தனியாக ஒன்றும் கிடையாது, மற்ற வெளிநாட்டுக்காரர் மாதிரி பெர்மிட் எடுக்க வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கான தினார் செலவாகும், முதலாளி கையெழுத்தும் வேண்டும். 2016க்கு முன் பெர்மிட் வைத்திருந்த சிரியர்கள் சில ஆயிரம் பேர்தான். மற்றவர்கள் ஒளிந்து ஒளிந்து வேலை பார்த்தார்கள். மாட்டினால் முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள், சம்பளம் தராமல் முதலாளி ஏமாற்றினால் போய்ச் சொல்ல ஆள் இல்லை.

உள்ளூர்க்காரர் பக்கமும் நியாயம் இருந்தது. மஃப்ரக் மாதிரி ஊர்களில் வீட்டு வாடகை ஏறியது, பள்ளிக்கூடங்கள் காலையில் ஒரு ஷிப்ட் மதியம் ஒரு ஷிப்ட் என்று ஓடின, ஏற்கெனவே தண்ணீருக்குத் தவிக்கும் நாட்டில் குழாய் இன்னும் வறண்டது. 2016ல் வேலையின்மை பதினைந்து சதவீதத்தைத் தாண்டியிருந்தது, இளைஞர்களிடையே அதைவிட எவ்வளவோ அதிகம். பெண்களில் ஏழில் ஒருவர்தான் வேலைக்குப் போகிறார் அல்லது வேலை தேடுகிறார். உலகத்திலேயே மிகக் குறைந்த விகிதங்களில் அது ஒன்று. "எங்கள் வேலையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்" என்ற பேச்சு கடைத்தெருவில் சாதாரணம். பிற்பாடு பொருளாதார ஆய்வாளர்கள் புள்ளிவிவரத்தைப் புரட்டிப் பார்த்தபோது சிரியர்கள் வந்ததால் ஜோர்டானியருக்கு வேலை பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. கட்டடத்திலும் வயலிலும் சிரியர்கள் போட்டி போட்டது பெரும்பாலும் எகிப்துத் தொழிலாளிகளோடு. ஆனால் மனக்குறைக்குப் புள்ளிவிவரம் மருந்தாகாது, வாடகை ஏறியது நிஜம்தானே.

லண்டனில் போட்ட பேரம்

2016 பிப்ரவரி 4ஆம் தேதி லண்டனில் சிரியாவுக்கான கொடையாளர் மாநாடு. பிரிட்டன், ஜெர்மனி, நார்வே, குவைத், ஐ.நா. சேர்ந்து நடத்தியது. அதற்கு முந்தைய கோடையில் லட்சக்கணக்கானவர்கள் துருக்கியிலிருந்து ரப்பர் படகில் கிரீஸுக்குப் போயிருந்தார்கள், ஐரோப்பா பயந்துபோயிருந்தது. அகதிகளை அந்த வட்டாரத்திலேயே நிறுத்திவைக்க ஒரு வழி வேண்டும். ஜோர்டானுக்குக் கடன் சுமை, பணம் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர்கள் இருவர் ஏற்கெனவே ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள்: ஸாத்தாரிக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது, அங்கே தொழிற்சாலைகள் வரட்டும், அகதிகளும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து வேலை செய்யட்டும், ஐரோப்பா அந்தச் சரக்கை வரியில்லாமல் வாங்கட்டும். காகிதத்தில் படிக்க அருமையாக இருக்கும்.

'ஜோர்டான் ஒப்பந்தம்' என்று பெயர் பெற்ற பேரம் இதுதான். ஜோர்டான் சில ஆண்டுகளில் இரண்டு லட்சம் சிரியர்களுக்கு வேலை வாய்ப்பைத் திறந்துவிடும். பதிலுக்கு 170 கோடி டாலர் மானியம் மூன்று ஆண்டுகளில் வரும், உலக வங்கியிடம் சலுகை வட்டியில் கடன் கிடைக்கும், ஐரோப்பிய ஒன்றியம் தன் இறக்குமதி விதிகளைத் தளர்த்தும். 2016 ஜூலையில் அந்தத் தளர்வு வந்தது: 18 தொழிற்பேட்டைகளில் உள்ள நிறுவனங்கள் முதல் இரண்டு ஆண்டு 15 சதவீதம், பிறகு 25 சதவீதம் சிரிய அகதிகளை வேலைக்கு வைத்தால், வெளியிலிருந்து வாங்கிய துணியில் தைத்த சட்டையும் "ஜோர்டான் சரக்கு" என்ற கணக்கில் வரியில்லாமல் ஐரோப்பாவுக்குப் போகலாம். செப்டம்பரில் உலக வங்கி 30 கோடி டாலருக்கு ஒப்புதல் கொடுத்தது. அது வேலை முடிந்தபின் கொடுக்கும் வகைக் கடன், குறிப்பிட்ட இலக்கை எட்டினால்தான் தவணை வரும். அந்த இலக்குகளில் முக்கியமானது, சிரியர்களுக்கு எத்தனை பெர்மிட் கொடுக்கப்பட்டது என்பது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அகதிகளைத் தாங்குகிற நாடு அந்தத் தாங்கலுக்காகக் கடன் வாங்குகிறது. வட்டி குறைவுதான், ஆனாலும் கடன் கடன்தான், அம்மானில் வரி கட்டுகிறவர்தான் அடைக்க வேண்டும். உள்ளூர்க்காரருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி கோபத்தோடு எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதைச் சமாளிக்க அரசு போட்ட நிபந்தனை: அகதிகளுக்கான எந்தத் திட்டமாக இருந்தாலும் குறைந்தது முப்பது சதவீதம் ஜோர்டானியருக்குப் போக வேண்டும். சரியான நிபந்தனை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வகுப்பில் இத்தனை நாற்காலி அவர்களுக்கு இத்தனை இவர்களுக்கு என்று பிரிப்பதோடு அது பல இடங்களில் நின்றுபோனது. ஒரே வகுப்பில் தையல் படித்துவிட்டு வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் இரண்டு சட்டம், இரண்டு கூலி, இரண்டு எதிர்பார்ப்பு.

இன்னொன்று, இந்த ஒப்பந்தம் சிரியர்களுக்கு மட்டும். அதே அம்மானில் இருந்த இராக்கியர், ஏமன் நாட்டவர், சூடானியர், சோமாலியர் எல்லாம் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிதி எந்தப் போருக்காக வந்ததோ அந்தப் போரில் தப்பி வந்தவனுக்குத்தான் அது.

எண்ணிக்கை ஏறியது

2016 ஏப்ரலில் பெர்மிட் கட்டணத்தை அரசு தள்ளுபடி செய்தது. பத்து தினார் செயலாக்கக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். அந்த ஆண்டு முடிவதற்குள் சிரியர்களின் பெர்மிட் எண்ணிக்கை முப்பதாயிரத்தைத் தாண்டியது. 2018 வாக்கில் மொத்தக் கணக்கு ஒரு லட்சத்துக்கு மேல். அறிக்கைகளில் இந்த எண் கொட்டை எழுத்தில் வந்தது.

ஆனால் பெர்மிட் ஓர் ஆண்டுக்குத்தான். அடுத்த ஆண்டு புதுப்பித்தால் அதே ஆள் இன்னொரு எண்ணாகிறார். ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவரிடம் போனாலும் அப்படியே. அந்த நேரத்தில் உண்மையில் செல்லுபடியாகிற பெர்மிட் மொத்தக் கணக்கில் பாதிகூட வராது. அதுவும் பெரும்பகுதி ஏற்கெனவே ஒளிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சட்டப்படி ஆனதுதான். அது நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. போலீஸைக் கண்டால் ஓட வேண்டாம் என்பதே ஒரு குடும்பத்துக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அதைப் புதிய வேலை என்று எழுதக் கூடாது. பெர்மிட் வாங்கியவர்களில் பெண்கள் எத்தனை என்று பார்த்தால் நூறுக்கு நான்கைந்து பேர்.

பெர்மிட்டைச் சுற்றி இருந்த பயங்களும் சாதாரணமானவை இல்லை. சட்டப்படி வேலைக்குப் போனால் மாத உதவித்தொகையும் உணவுக் கூப்பனும் நின்றுவிடுமோ, கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ அனுப்பும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களோ என்று பலர் தயங்கினார்கள். அப்படி ஆகாது என்று அதிகாரிகள் சொன்னார்கள். சொல்வதை நம்புவதற்கும் அனுபவம் வேண்டுமே.

அப்புறம் கஃபீல், அதாவது பெர்மிட்டுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி. வளைகுடாவில் வேலை பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பெர்மிட் ஒரே முதலாளி பெயரில் இருக்கும். கட்டடத்தில் தினக்கூலிக்குப் போகிறவன் இந்த வாரம் ஒரு மேஸ்திரியிடம், அடுத்த வாரம் இன்னொருவரிடம். அவனுக்கு எந்த முதலாளி கையெழுத்துப் போடுவார்? போட்டாலும் அதற்கு ஒரு விலை கேட்பார். பெர்மிட்டுக்கு மட்டும் ஒருவர் பெயர், வேலை வேறெங்கோ என்று ஒரு சந்தை தானாக உருவானது.

தையல் கம்பெனிக்கு ஏன் ஆள் வரவில்லை

முழு யோசனையும் தொழிற்பேட்டையை நம்பித்தான் இருந்தது, தொழிற்பேட்டை என்றால் முக்கியமாகத் தையல். இந்த இடம் நமக்குக் கொஞ்சம் பழக்கமானது. ஜோர்டானின் கார்மென்ட்ஸ் தொழில் அமெரிக்காவோடு இருக்கும் வர்த்தகச் சலுகையில் வளர்ந்தது. தொழிலாளிகளில் நான்கில் மூன்று பேர் அளவுக்கு வெளிநாட்டவர்: பங்களாதேஷ், இலங்கை, இந்தியா, நேபாளம், மியான்மர். இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வந்து கம்பெனி விடுதியிலேயே தங்கி, ஓவர்டைம் எவ்வளவு கிடைத்தாலும் பார்த்து, மிச்சம் பிடித்ததை வீட்டுக்கு அனுப்பும் பெண்கள் அவர்களில் பெரும்பான்மை. அவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி ஜோர்டானியருடையதைவிடக் குறைவு, சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் கூலியில் சேர்த்துக் கணக்குக் காட்டுவார்கள். இந்த வகை ஆளை வைத்துத்தான் அந்தக் கம்பெனிகளின் லைன் ஓடுகிறது, ஷிப்மென்ட் தேதி ஓடுகிறது.

இப்போது மஃப்ரக்கில் வாடகை வீட்டில் இருக்கும் சிரியப் பெண்ணை அந்த லைனில் உட்கார வைத்துப் பாருங்கள். கணவன் போரில் போய்விட்டான் அல்லது காயப்பட்டுக் கிடக்கிறான். மூன்று குழந்தைகள், அதில் இரண்டு பேருக்கு மதிய ஷிப்ட் பள்ளி, அதாவது காலை முழுவதும் அவர்கள் வீட்டில். கம்பெனி பஸ் இருட்டோடு வரும், இர்பித் பக்கம் இருக்கும் பேட்டைக்குப் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல். எட்டு மணி நேரம், ஓவர்டைம், திரும்பி வரும்போது மறுபடியும் இருட்டு. கையில் வருவது குறைந்தபட்சக் கூலி. அதில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருத்திக்குக் கொடுத்தால் என்ன மிஞ்சும்? பழைய வழக்கத்தில் ஊறிய சமூகத்தில் இருட்டில் வீட்டுக்கு வரும் பெண்ணைப் பற்றி அக்கம்பக்கம் என்ன பேசும்? அவள் மறுத்தால் அது சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு. தொடக்கத்தில் முன்னோடித் திட்டமாகச் சிரியர்களைத் தையல் ஆலைகளுக்கு அனுப்பிப் பார்த்தபோது நூற்றுக்கணக்கான காலியிடங்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே ஒப்புக்கொண்டதும் இதனால்தான். முகாமில் இருந்தவர்களுக்கு இதன்மேல் வாசலில் வெளியே போகும் சீட்டு வாங்கும் தொல்லை வேறு.

கம்பெனி பக்கமும் கணக்கு இருந்தது. அமெரிக்க ஆர்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஐரோப்பியச் சந்தைக்காகப் புது வாடிக்கையாளரைத் தேடி, அவர்களின் தர விதிகளுக்கு லைனை மாற்றி, அதோடு 15 சதவீதம் புது ஆட்களையும் எடுப்பது எதற்கு? மூன்று ஆண்டு நெருங்கும்போது அந்தச் சலுகைக்கு அனுமதி பெற்ற நிறுவனங்கள் ஒரு டஜன் அளவுக்குத்தான். 2018 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் விதிகளை மறுபடி தளர்த்தியது: தொழிற்பேட்டைக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு போனது, விகிதம் 15லேயே நின்றது, காலம் 2030 வரை நீண்டது. இரண்டு லட்சம் என்ற இலக்கும் சத்தமில்லாமல் அறுபதாயிரமாக இறங்கியது.

உள்ளூர்ப் பெண்களுக்கு எது ஓரளவு ஒத்துவந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஒப்பந்தத்துக்கு முன்பிருந்தே ஜோர்டான் அரசு ஒரு காரியம் செய்துகொண்டிருந்தது. பெரிய ஆலைகளின் கிளைகளைக் கிராமங்களிலேயே திறக்கவைத்தது. கட்டடம் போன்ற செலவுகளில் அரசு கைகொடுத்தது, தொடக்க காலத்தில் கூலியிலும் ஒரு பங்கு. அஜ்லூன், தஃபீலா பக்கமெல்லாம் அப்படிச் சின்னச் சின்ன யூனிட்கள் வந்தன. வீட்டிலிருந்து எட்டிப்போகும் தூரம் என்றால் அப்பாவும் அண்ணனும் அனுப்புகிறார்கள். கூலி பெரிய கூலி இல்லை, மானியம் நின்றால் யூனிட் நிற்குமா என்ற கேள்வியும் எப்போதும் உண்டு. ஆனாலும் பெண்ணை வேலைக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக வேலையைப் பெண் இருக்கும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள், அது பலித்தது.

வகுப்புகள், சான்றிதழ்கள்

பயிற்சிக்குப் பணம் பல வாய்க்காலில் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 டிசம்பரில் தொடங்கிய "மதத்" (Madad) என்ற சிரியா உதவி நிதி, ஜெர்மனியின் உதவி, 2019ல் நெதர்லாந்து பன்னாட்டு அமைப்புகளோடு சேர்ந்து எட்டு நாடுகளுக்குத் தொடங்கிய திட்டம், இன்னும் எத்தனையோ தொண்டு நிறுவனங்கள். பணம் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாத்தியில் பாய்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கு: இத்தனை பேர் சேர வேண்டும், இத்தனை பேர் முடிக்க வேண்டும். பயிற்சி நாட்களுக்குப் போக்குவரத்துப் படி, சாப்பாட்டுப் படி உண்டு. வேறு வருமானம் இல்லாதவருக்கு அந்தப் படியே மாதக் கூலி. ஒரு கோர்ஸ் முடிந்ததும் அடுத்த கோர்ஸில் பெயர் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. திட்டம் அவர்களைச் சேர்த்ததற்குப் பணம் கொடுத்தது, அவர்கள் சேர்ந்தார்கள்.

உறுத்துவது வேறு. வெளிநாட்டவர் செய்யக் கூடாது என்று ஒரு தொழில் பட்டியலை ஜோர்டான் வைத்திருக்கிறது. மருத்துவம், பொறியியல், ஆசிரியர் வேலை, கணக்கெழுதுவது, வண்டி ஓட்டுவது, முடி திருத்துவது எல்லாம் அதில் உண்டு. டமாஸ்கஸில் ஆசிரியராக இருந்தவரும் மருந்தாளுநராக இருந்தவரும் வயலுக்கோ கட்டடத்துக்கோ போனால்தான் பெர்மிட். சரி, சட்டம் அப்படி. ஆனால் முடி திருத்தும் பயிற்சியில் சிரியர்களைச் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்த திட்டங்களும் இருந்தன. கடை வைக்க முடியாது, கடையில் வேலை பார்க்க முடியாது, சான்றிதழை வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். நிதி கொடுப்பவர் ஒரு நாள் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் படித்திருந்தால் போதும், பணம் வேறு எதற்காவது போயிருக்கும்.

மாறாக, எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்தது ஒரு சின்னத் திட்டம்தான். ஏற்கெனவே தெரிந்த தொழிலுக்குச் சோதனை வைத்துச் சான்று கொடுப்பது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் உள்ளூர்ப் பயிற்சி நிறுவனமும் கட்டடத் தொழிலில் இதைச் செய்தன. இருபது ஆண்டு கொத்துவேலை செய்தவரை மறுபடி வகுப்பில் உட்கார வைத்து "இது கரண்டி, இது ரசமட்டம்" என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் வகுப்பு, அப்புறம் தளத்துக்கே கூட்டிப்போய், சுவரைப் பூசு, டைல்ஸைப் பதி, பார்ப்போம் என்பார்கள். மூலை சரியாக வந்திருக்கிறதா, மட்டம் நிற்கிறதா என்று சோதிப்பவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். எழுதப் படிக்கச் சரியாக வராதவரும் தேறிவிடலாம். ஜோர்டானிய மேஸ்திரிகளுக்கும் அதே சோதனை, அதே சான்று. உள்ளூர்க்காரருக்கும் வந்தவருக்கும் உண்மையிலேயே ஒரே பந்தி என்று சொல்லத்தக்க இடம் எனக்குத் தெரிந்து இதுதான்.

அந்தச் சான்றுக்கு உயிர் வந்ததற்கு வேறு ஒரு காரணம் உண்டு. 2017ல் ஜோர்டான் தொழிற்சங்கக் கூட்டமைப்பு வழியாகக் கட்டடத் தொழிலாளிக்கு முதலாளி பெயர் இல்லாத பெர்மிட் கொடுக்கத் தொடங்கினார்கள். கஃபீல் தேவையில்லை, காப்பீடும் இந்தத் திறன் சான்றும் இருந்தால் போதும். விவசாயத்தில் அதற்கு முன்பே, 2016ல், கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக இதே மாதிரி ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு தோட்டத்தில் தக்காளி, நாளைக்கு இன்னொன்றில் வெள்ளரி என்று போகிறவருக்கு அதுதான் பொருந்தும். பெர்மிட் எண்ணிக்கை ஏறியதில் பெரிய பங்கு இந்த இரண்டு துறைகளுடையது, தொழிற்பேட்டை ஆலைகளுடையது இல்லை. 2021ல் வேறு துறைகளுக்கும் இந்த வகை பெர்மிட் விரிந்தது, அந்த ஆண்டு அறுபத்திரண்டாயிரம் பெர்மிட் கொடுக்கப்பட்டது, அதுவரை இல்லாத அளவு. ஒரு விதியை மாற்றியது பல கோடிப் பயிற்சி நிதி செய்யாததைச் செய்துவிட்டது. இதற்கு ஆன செலவு பயிற்சி நிதியோடு பார்த்தால் சில்லறை.

பெண்களுக்கு அதே மாதிரி ஒரு கதவு 2018 நவம்பரில் திறந்தது. வீட்டிலிருந்தே சமையல், கைவினை, தையல் தொழிலைப் பதிவு செய்ய சிரியர்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள். வந்திருக்க வேண்டிய வேளையில் வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதற்குள் இரண்டு ஆண்டுப் பயிற்சி நிதி ஆலை வேலையைக் காட்டியே செலவாகிவிட்டது.

பஸ் காசு

அம்மான், இர்பித், மஃப்ரக் பகுதிகளில் வேலை தேடும் சிரியர்களையும் ஜோர்டானியர்களையும் வைத்து ஒரு பெரிய கள ஆய்வு நடந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் கலந்துகொண்டார்கள். சிலருக்குக் கையில் ஒரு சிறு தொகை, நூறு டாலருக்கும் குறைவு, வேலை தேடும் செலவுக்கு. சிலருக்கு நேர்காணலுக்கும் தொழிலாளர் சட்டத்துக்கும் தயார் செய்யும் தகவல். சிலருக்கு வாரத் திட்டம் போட்டு வேலை தேடத் தூண்டும் பயிற்சி. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் எதற்கும் பெரிய பலன் இல்லை. இரண்டாம் மாதமும் நான்காம் மாதமும் பார்க்கும்போது காசு வாங்கிய அகதிகளுக்கு வேலையும் வருமானமும் கூடியிருந்தன.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வேலை தேடுவது என்றால் பஸ்ஸில் போவது, போனில் பேசுவது, நாலு இடம் அலைவது, அந்த நாள் கூலியை விடுவது. சேமிப்பு இல்லாதவரால் முதலில் கிடைத்த வேலையைத் தட்ட முடியாது. ஆனால் திட்டம் எழுதும்போது இந்த வரியைத்தான் முதலில் வெட்டுவார்கள். பயிற்சிக்கூடத்துக்கு மெஷின் வாங்கினால் போட்டோ எடுக்கலாம், ரிப்பன் வெட்டலாம். பஸ் காசுக்கு என்ன ரிப்பன்?

நிதி கேட்டு வரும் திட்டம் ஒன்று என் மேசைக்கு வந்தால் நான் கேட்பது இவ்வளவுதான். கற்றுக்கொடுக்கும் தொழில் அந்த நாட்டுச் சட்டத்தில் அந்த ஆளுக்குத் திறந்திருக்கிறதா? வேலை இருக்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம், யார் செலவில்? குழந்தை எங்கே இருக்கும்? வகுப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து அவர் என்ன செய்கிறார் என்று போய்ப் பார்க்கப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா, அல்லது சான்றிதழ் விழாவோடு கோப்பு மூடிவிடுமா? பக்கத்து வீட்டு ஜோர்டானியப் பையனுக்கு இதில் என்ன, அவன் கேட்பது நாற்காலியா வேலையா? பெரும்பாலும் அவன் கேட்பது அரசு வேலை, அல்லது ஓய்வூதியக் கணக்கோடு ஒரு நிலையான வேலை. தக்காளி பறிக்கும் வேலையில் பங்கு வேண்டும் என்று அவன் கேட்கவே இல்லை. ஒரே வகுப்பில் இரண்டு பேரையும் உட்கார வைப்பதற்கு முன்னால் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது

பணம் வற்றிக்கொண்டே வந்தது. சிரிய அகதிகளுக்காக ஜோர்டான் ஆண்டுதோறும் கேட்ட தொகையில் ஒப்பந்தத்தின் ஆரம்ப ஆண்டுகளில் அறுபது சதவீதத்துக்கு மேல் கிடைத்தது, 2021லும் 2022லும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பாவின் கவனம் வேறு பக்கம் போனது. 2024ன் நடுவில் பெர்மிட் கட்டணத் தள்ளுபடியும் முடிவுக்கு வந்தது. சிரியர்களும் மற்றவர்கள் போல முழுக் கட்டணம் கட்ட வேண்டும், சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் தனி. தினக்கூலிக்காரருக்கு அது மலை. பலர் பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்டு மறுபடி ஒளிந்து வேலை பார்க்கும் பழைய நிலைக்கே போனார்கள்.

2024 டிசம்பர் 8ஆம் தேதி சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்தது. அதற்குப் பிறகு ஜோர்டானிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவு பெற்ற அகதிகள் சிரியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். இடிந்து கிடக்கும் தராவில் வீடு கட்டக் கொத்தனாருக்கும் டைல்ஸ் பதிப்பவருக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை, கூலி கொடுக்கத்தான் யாரிடமும் காசு இல்லை. 2025 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ஜோர்டானோடு 2027 வரைக்கும் 300 கோடி யூரோவுக்குப் புது ஒப்பந்தம் போட்டது. வரியில்லா ஏற்றுமதிச் சலுகை 2030 வரை காகிதத்தில் இருக்கிறது, கேட்கும் நிறுவனத்தில் நூற்றுக்குப் பதினைந்து பேர் சிரிய அகதிகளாக இருக்க வேண்டும் என்ற வாசகத்தோடு. அந்தப் பதினைந்து பேரை இனி எங்கே தேடுவது என்று ஆலைக்காரர்கள்தான் ஐரோப்பாவைக் கேட்க வேண்டும்.